நாக்கைத் தூக்கு

ஓசூர் சிப்காட்டில் கார்களுக்கு ஒயர் கட்டித் தரும் அந்தக் கம்பெனியில், எந்தப் பெண் முழுகாமல் இருக்கிறாள் என்பது அவள் புருஷனுக்குத் தெரிவதற்கு முன்பே தங்கமணிக்குத் தெரிந்துவிடும். நாடி பார்க்கிற வித்தையெல்லாம் ஒன்றும் கிடையாது. முதலுதவி அறையில் மாத்திரை கொடுத்ததை எழுதி வைக்கிற ஒரு நோட்டுப் புத்தகம், அவ்வளவுதான். மாதாமாதம் அந்த மூன்று நாளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து வலி மாத்திரை வாங்கிப் போகிறவள், ஒரு மாதம் வராமல் இருப்பாள். அடுத்த மாதமும் வராவிட்டால் கணக்கு முடிந்தது. எட்டு மணி நேரம் நின்றுகொண்டே ஒயர் கோக்கிற வேலையில் வலி இல்லாத பெண் எவள்? மாத்திரை வேண்டாம் என்கிறாள் என்றால் அவளுக்கு வலி வரவில்லை, வலி வரவில்லை என்றால் அது வரவில்லை.

தங்கமணி நாகரசம்பட்டிக்காரி. அவள் அப்பா கரியப்பன் காலமெல்லாம் அடுத்தவர் மாந்தோப்புக்குக் காவல் இருந்தவர். மகளைப் பத்தாவது வரை படிக்க வைத்ததே அவருக்கு மலையைப் பிடுங்கின மாதிரி. லாரிக்கு ஸ்பிரிங் பட்டை மாற்றுகிற முத்துக்குமாரைக் கட்டிக்கொண்டு ஓசூர் வந்தவள், பன்னிரண்டு வருடம் காண்டிராக்ட் ஆளாக லைனில் நின்றாள். கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்து நிற்கவே முடியாமல் போனபோது, மனிதவளப் பிரிவு ஆபீசர் ஹரீஷ்குமார் அவளைக் கூப்பிட்டு, இரண்டு நாள் முதலுதவிப் பயிற்சிக்கு அனுப்பி, வெள்ளைக் கோட்டு ஒன்றையும் கொடுத்து, அந்த அறையில் உட்கார வைத்தார். வாசல் போர்டில் ஒரு நர்ஸ் பெயர் எழுதியிருக்கும். அந்த நர்ஸ் ஆடிட் நாளில் மட்டும் வருவாள். டாக்டர் வியாழக்கிழமை வந்து, டீ குடித்து, பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் டாக்டரும் நர்சும் தங்கமணிதான். பெண்கள் அவளை ரூம் அக்கா என்பார்கள். சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ் இறங்குவதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான்.

மாத்திரைப் பட்டையைக் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக நறுக்கி டப்பாவில் போட்டு வைத்திருப்பாள். நறுக்கிவிட்டால் பெயர் எங்கே தெரியும்? வெள்ளை என்றால் காய்ச்சலுக்கு, ரோஸ் என்றால் வலிக்கு. கேட்கிறவர்களும் "அக்கா, ஒரு ரோஸு" என்றுதான் கேட்பார்கள். ரோஸ் மாத்திரை டைக்ளோபினாக். டாக்டர் எழுதிக்கொடுத்து வருவதுதான், மருந்துக் கடையில் யாரும் வாங்குவதுதான். ஆனால் யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று தங்கமணிக்கு யாரும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. பாதிப் பெண்கள் மாத்திரையை வாங்கி வாயில் போட்டது போலப் போட்டு, கன்னத்தில் அடக்கிக்கொண்டு போய், பேப்பரில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். வீட்டில் மாமியாருக்கு முட்டி வலி, அம்மாவுக்கு இடுப்பு வலி. டப்பா சீக்கிரம் காலியாகிறதே என்று ஹரீஷ்குமார் கேட்டார். அன்றிலிருந்து மாத்திரையை அவள் கண் முன்னாலேயே விழுங்க வேண்டும் என்று உத்தரவு. தங்கமணி தன் பங்குக்கு இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டாள். தண்ணீர் குடித்ததும் "வாயைத் தொற, நாக்கைத் தூக்கு" என்பாள். அடியில் மாத்திரை இருந்தால் விடமாட்டாள். "ஏன்டி, உம் மாமியா முட்டிக்கு எங் கம்பெனி மாத்திரையா?" என்பாள். வரிசையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். மாட்டிக்கொண்டவளும் சிரித்துக்கொண்டே விழுங்கிவிடுவாள்.

அடுத்ததுதான் விஷயம். மாதக் கடைசியில் ஹரீஷ்குமார் அந்த அறைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். ஆனேக்கல் பக்கத்து மனிதர், தமிழில் கன்னடம் கலந்து மரியாதையாகப் பேசுவார். தங்கமணி அவ்ரே, இந்த மாதம் டேட் மாத்திரைக்கு யார் யார் வரவில்லை என்று கேட்பார். அவள் நோட்டைப் புரட்டி, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் டோக்கன் நம்பரை எழுதிக் கொடுப்பாள். எதற்கு சார் என்று முதல் தடவை கேட்டாள். மாசமாக இருக்கிற பெண்ணை நிற்க வைக்கக் கூடாதல்லவா, உட்கார்ந்து செய்கிற வேலைக்கு மாற்றத்தான் என்றார். நல்ல மனுஷன் என்று அன்று வீட்டில் போய்ப் புருஷனிடம் சொன்னாள்.

மூன்று மாதத்தில் முனிலட்சுமியைக் காணோம். லைன் மூன்றில் கை வேகத்துக்குப் பெயர் போன பெண். ஆர்டர் குறைவு, காண்டிராக்டர் ஆள் குறைக்கிறார் என்றார்கள். அடுத்து இரண்டு பேர், அதற்கடுத்து ஒருத்தி. எல்லாரும் தங்கமணி எழுதிக் கொடுத்த நம்பர்கள். அவளுக்குப் புரியவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். நன்றாகவே புரிந்தது. அந்த வருடக் கடைசியில் அவளைக் காண்டிராக்டிலிருந்து நிரந்தரம் ஆக்கினார்கள். மகள் சுவாதி சேலத்தில் நர்சிங் சேர்ந்த வருடமும் அதுதான். வாயில் ஏதோ கசப்பாக வந்தது, அதையும் விழுங்கிக்கொண்டு மாதக் கடைசியில் காலண்டர் தாளைக் கிழித்தாள்.

லைனில் இருந்த பெண்கள் மட்டும் மண்ணைத் தின்கிறவர்களா? ரூம் அக்காவிடம் மாத்திரைக்குப் போகாதவள் வீட்டுக்குப் போவாள் என்பது கழிப்பறைக்குள் பேச்சாகிவிட்டது. அந்தப் பேச்சு தங்கமணி காதுக்கு மட்டும் வரவில்லை.

காவியா அதற்குப் பிறகு வேலைக்கு வந்தவள். வேப்பனப்பள்ளிப் பக்கம் சொந்த ஊர், ஒல்லிக்குச்சி உடம்பு. இருபத்திரண்டு வயது. புருஷன் அஜித்குமார் இரும்பு வார்க்கிற கம்பெனியில் ஷிப்ட் வேலை. மூக்கண்டப்பள்ளியில் ஒரு ரூம் எடுத்துக் குடியிருந்தார்கள். மாதம் பதினொன்றாம் தேதி வாக்கில் வருவாள். காலையில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, மூன்று நாளைக்கு. நோட்டில் தன் பெயருக்கு நேரே குண்டு குண்டாகக் கையெழுத்துப் போடுவாள். பங்குனியில் வந்தாள், சித்திரையில் வந்தாள், வைகாசியில் வந்தாள், ஆனியில் வந்தாள். தேதி தப்பியதே இல்லை. கடிகாரம் மாதிரி இருக்கிறாயே, எங்களுக்கெல்லாம் இப்படி வந்ததே இல்லை என்று தங்கமணி ஒருநாள் சொன்னாள். காவியா தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

ஆடி மாதம் அவள் வந்த நாள் தங்கமணிக்கு இன்றைக்கும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. வெளியே தூறல். காவியா மாத்திரையை வாயில் போட்டு, ஒரு டம்ளர் தண்ணீரையும் குடித்தாள். நாக்கைத் தூக்கு என்றதும் வாயைத் திறந்தாள், நாக்கைத் தூக்கவில்லை. தங்கமணி மறுபடியும் சொன்னாள். தூக்கினாள். அடியில் ரோஸ் கலர் கரைந்து, மாத்திரை பாதி வெளுத்துப் போய்க் கிடந்தது.

"அடி கள்ளி, நீயுமா?" என்று தங்கமணி சிரித்தாள். "முழுங்கு. உங்க மாமியாக்கு வேணும்னா கேளு, தனியா ஒண்ணு குடுத்து உடறேன்."

காவியா அவளையே பார்த்தாள். என்னவோ சொல்ல வருகிறவள் போல உதடு ஒருமுறை அசைந்தது. பின்னால் நான்கு பேர் வரிசையில் நின்றார்கள். அவள் இன்னொரு டம்ளர் தண்ணீர் வாங்கி விழுங்கிவிட்டு, நாக்கைத் தூக்கிக் காட்டினாள். சொன்ன சொல் தவறாமல் தங்கமணி இன்னொரு மாத்திரையைப் பேப்பரில் மடித்து அவள் கையில் வைத்தாள். நல்லது செய்ததாகத்தான் நினைத்தாள். அதன் பிறகு காவியா வரும்போதெல்லாம் கூடுதலாக ஒரு கண் வைத்தாள்.

ஆவணியில் அவள் அடிக்கடி வந்தாள். அவளாக வரவில்லை, சூப்பர்வைசர் அனுப்பினான். லைனில் உட்கார்ந்தால் அவனுக்குப் பிடிக்காது. ரூமுக்குப் போ, மாத்திரை போடு, வந்து நில்லு என்பான். நோட்டில் இடுப்பு வலி, கால் வலி, இடுப்பு வலி என்று வரிசையாக எழுதியிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அந்தக் கம்பெனியின் நீல ஓவர்கோட்டில் மறைக்கலாம். ஒல்லி உடம்பு, தலைப்பிள்ளை, தொளதொளவென்று கோட்டு. அதோடு தங்கமணி பார்த்தது நோட்டை, பெண்ணை அல்ல. பதினொன்றாம் தேதிக்குக் கையெழுத்து இருந்தது, அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

புரட்டாசியில் ஒருநாள் காவியா வேலைக்கு வரவில்லை. அடுத்த வாரம் கம்பெனி பஸ்ஸில் ஒருத்தி, காவியாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, எட்டாம் மாதம், தண்ணி வற்றிப் போய் அவசரமாக ஆபரேஷன் செய்து எடுத்தார்களாம் என்றாள். தங்கமணி முதலில் சிரித்தேவிட்டாள். வேறு எந்தக் காவியா என்று கேட்டாள். நம்ம லைன் காவியாதான் அக்கா என்றார்கள். போன மாதம்தானே டேட் என்று மாத்திரை போட்டாள்!

அறைக்குப் போய் நோட்டை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினாள். ஆவணி, ஆடி, ஆனி, வைகாசி, சித்திரை, பங்குனி. ஆறு பதினொன்றாம் தேதிகள். ஆறிலும் அந்தக் குண்டுக் கையெழுத்து. ஒன்றுகூட உண்மையில் வந்த தேதி இல்லை. தான் முழுகாமல் இல்லை என்று காட்டுவதற்காகவே அந்தப் பெண் மாதாமாதம் வந்து, அவள் கண் முன்னால் வாயைத் திறந்து, வலியே இல்லாத வயிற்றுக்கு வலி மாத்திரையை விழுங்கிவிட்டுப் போயிருக்கிறாள். எதற்காக? தங்கமணி எழுதுகிற அந்தக் காலண்டர் தாளில் தன் நம்பர் வரக் கூடாது என்பதற்காக. தங்கமணி நோட்டை மூடி அலமாரியில் வைத்துப் பூட்டினாள், பிறகு திறந்து பார்த்தாள், மறுபடியும் பூட்டினாள்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் ஒன்றுக்குச் சரியாகப் போகவில்லை. சிறுநீரகம் இரண்டும் பாதி வேலைதான் செய்கிறது என்றார்கள். மாதத்துக்கு இரண்டு தடவை பெங்களூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கருவுக்கு ஐந்து மாதம் ஆன பிறகு வலி மாத்திரை ஏதாவது சாப்பிட்டாயா என்று அங்கே ஒரு டாக்டர் கேட்டாராம். அப்படித்தான் விஷயம் வெளியே வந்தது. அஜித்குமார் அவன் ஊர்க்கார வக்கீல் முனிராஜைப் பிடித்தான். கம்பெனி மேல் இழப்பீடு கேட்டு ஓசூர் கோர்ட்டில் வழக்கு விழுந்தது. குழந்தையின் வைத்தியம் அந்த வழக்கை நம்பித்தான் இருந்தது.

நோட்டீஸ் வந்த அன்று ஹரீஷ்குமார் பதறுவார் என்று தங்கமணி நினைத்தாள். அவரோ நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டார். அவளே மாதவிலக்கு வலி என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், ஒரு தடவை இல்லை, ஆறு தடவை. பொய் சொன்னது அவள், நாம் என்ன செய்வது என்றார். கம்பெனித் தரப்பு சாட்சியாகத் தங்கமணி பெயரைக் கொடுத்தார்கள். வழக்கு இழுத்து இழுத்து, குழந்தைக்கு இரண்டு வயது ஆனபோது அவள் முறை வந்தது.

பிரமாணப் பத்திரத்தை வக்கீல் ஆபீசில் படித்துக் காட்டினார்கள். வாதி மாதவிலக்கு வலி என்று சொன்னார், நான் மாத்திரை கொடுத்தேன். தான் கர்ப்பம் என்று ஒருபோதும் சொல்லவில்லை. பதிவேட்டில் இருப்பது அவர் கையெழுத்துதான். தங்கமணி ஒவ்வொரு வரியையும் கேட்டாள், ஒன்றிலும் பொய்யைக் கண்டுபிடிக்க முடியவில்லை. பொய் இருந்திருந்தால் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அத்தனையும் உண்மையாக இருந்ததுதான் அவளை ஆட்டியது. கையெழுத்துப் போட்டாள்.

விடுமுறைக்கு வந்திருந்த சுவாதி, அம்மா பையில் இருந்த வழக்குக் கட்டை எடுத்துப் படித்தாள். கடைசி வருடப் படிப்பு, வார்டில் நின்று பழகியவள். மாத்திரை பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"ஏம்மா, அஞ்சு மாசம் தாண்டுனா டாக்டர் சொல்லாம இதைத் தரவே கூடாது. கொழந்தைக்கு ஒண்ணுக்குப் பிரியாது, சுத்தி இருக்கற தண்ணி வத்திரும். இதனாலதான் ஆச்சுன்னு அடிச்சும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. நீ மாசமா இருக்கியான்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா பொய் சொல்லுவாளுங்க. அதனாலதான் கேக்காம பாத்துக்கினு இருந்தேன்."

"பாத்து?"

தங்கமணி அடுப்புப் பக்கம் போனாள். சுவாதி காவியாவின் மனுவை வாய்விட்டுப் படித்தாள். இந்த மாத்திரை கருவுக்குத் தீங்கு என்பது எனக்குச் சற்றும் தெரியாது, கம்பெனி ஆட்கள் கொடுத்ததை நம்பி உட்கொண்டேன் என்று அதில் இருந்தது. தங்கமணி அடுப்பைத் தணித்துவிட்டு வந்து, அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். கேட்டாள். எழுந்து போய்க் குழம்பைக் கிளறினாள். ஏன் படிக்கச் சொன்னோம் என்று அவளுக்கே அப்போது தெரியவில்லை.

அன்று முத்துக்குமாரிடம் காலண்டர் தாள் விஷயத்தை முதல் தடவையாகச் சொன்னாள். அவன் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தான். அந்தத் தாள் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டான். இல்லை, அவர் அப்போதைக்கப்போதே கிழித்துப் போட்டுவிடுவார் என்றாள். அப்படியென்றால் உன் வாயைத் தவிர அதற்குச் சாட்சி இல்லை என்றான். சுவாதி படிப்புக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது, நுணலும் தன் வாயால் கெடும், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வந்துவிடு என்றான். அவன் கெட்டவன் இல்லை. பயந்தவன். யார்தான் பயப்படாமல் இருக்கிறார்கள்?

கோர்ட்டுக்குப் போன நாள் காலையில் வராந்தாவில் காவியாவைப் பார்த்தாள். முகம் பாதியாகிவிட்டிருந்தது. அஜித்குமார் தோளில் குழந்தை தூங்கியது. இரண்டு வயதுக்கு மிகவும் சின்னது, ஆனால் முகமும் கண் இமைகளும் மட்டும் உப்பியிருந்தன. திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று தங்கமணி நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். காவியா எழுந்து நின்று, நல்லா இருக்கீங்களா அக்கா என்று கேட்டாள். அதற்குப் பதில் அடித்திருக்கலாம்.

கூண்டில் ஏறினபோது பிரமாணப் பத்திரம் உங்களுடையதுதானா என்று கேட்டார்கள். ஆமாம் என்றாள். ஹரீஷ்குமார் இரண்டாவது வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். முனிராஜ் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். குரல் உயர்த்தாத மனிதர். நர்ஸ் படிப்பு உண்டா என்றார். இல்லை. மாத்திரை கொடுக்கும் முன் கர்ப்பமா என்று கேட்பதுண்டா? இல்லை. பிறகு தாளைப் பார்க்காமலேயே கேட்டார்: மாதவிலக்கு மாத்திரைக்கு வராத பெண்களின் விவரத்தை யாருக்காவது கொடுத்ததுண்டா?

முனிலட்சுமி எங்கேயோ பேசியிருக்கிறாள் போல. ஆனால் முனிராஜிடம் ஆதாரம் எதுவும் இல்லை என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. இல்லை என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், விஷயம் அங்கேயே புதைந்துவிடும். தங்கமணி ஹரீஷ்குமாரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார், பழைய மரியாதையோடு. வராந்தாவில் குழந்தை இருமியது.

"குடுத்தேங்க" என்றாள். "மாசா மாசம் டோக்கன் நம்பர் எழுதிக் குடுத்தேன். அந்த சார் கிட்டதான். எழுதிக் குடுத்தவங்க எல்லாரையும் வேலைய உட்டு நிறுத்துனாங்க. அதுக்குப் பயந்துதான் இந்தப் பொண்ணு டேட்டுன்னு வந்து மாத்திரை போட்டா. வலிக்குப் போடல."

கம்பெனி வக்கீல் ஆட்சேபம் சொன்னார், தங்கள் சாட்சியே புரண்டுவிட்டது என்றார். நீதிபதி கையைக் காட்டி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, சாட்சி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் தட்டச்சு செய்யச் சொன்னார். முனிராஜின் முகத்தில் வெளிச்சம் வந்தது. வேறு கேள்வி இல்லை என்று உட்காரப் போனார். அதோடு தங்கமணி இறங்கியிருக்க வேண்டும். நான்கு வருடம் நெஞ்சில் வைத்திருந்ததை இறக்கி வைத்ததில் அவளுக்குத் தலை லேசாகிவிட்டது. இன்னும் ஒன்று அடியில் இருந்தது, அதையும் எடுத்து வைத்துவிட்டால் அன்றைக்காவது தூங்கலாம் என்று தோன்றியது.

இன்னொன்று இருக்கிறது ஐயா என்றாள். முனிராஜ் சட்டென்று நிமிர்ந்து, போதும்மா என்றார். அவள் கேட்கவில்லை. ஆடி மாதம் அந்தப் பெண் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்ததையும், தான் நாக்கைத் தூக்கச் சொல்லிப் பிடித்ததையும், அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்து விழுங்க வைத்ததையும் ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லும்போது அழுகை வந்தது. பாவம் என் மேல்தான் என்றாள். அதையும் தட்டச்சு செய்தார்கள்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். இந்தத் தடவை அவருக்குக் கோபமே இல்லை. ஒரே ஒரு விளக்கம் மட்டும் கேட்க அனுமதி வேண்டும் என்றார்.

"மாமியாருக்குக் கொண்டுபோக ஒளித்தாரா, தன் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஆகாது என்று தெரிந்து ஒளித்தாரா? நீங்கள் முகத்தைப் பார்த்தீர்களே, சொல்லுங்கள்."

சுவாதி வாசித்த அந்த வரி அப்போதுதான் தங்கமணிக்கு முழுதாகப் புரிந்தது. எனக்குச் சற்றும் தெரியாது. தெரிந்துதான் ஒளித்தாள் என்றால் காவியாவின் மனுவே பொய்யாகிவிடும். அவள் காவியாவைத் திரும்பிப் பார்த்தாள். காவியா இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தெரியாது என்று இப்போதுகூடச் சொல்லலாம். ஆனால் உண்மையைச் சொல்வதாகச் சத்தியம் செய்துவிட்டு, அந்தப் பெண்ணுக்காக என்று அழுதுவிட்டு, இப்போது பொய் சொன்னால் முதலில் சொன்ன உண்மையும் அடிபட்டுப் போகும். யோசித்துக்கொண்டே நின்றாள். அந்த மௌனத்தையும் நீதிபதி குறித்துக்கொண்டார். கடைசியில், எனக்குத் தெரியாதுங்க என்றாள். அவள் அன்று சொன்னதில் அது ஒன்றுதான் பொய், அதை அங்கே ஒருவரும் நம்பவில்லை.

வழக்கை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்தார்கள். ஹரீஷ்குமார் அவளைத் தாண்டி நடந்து போனார், அவளைப் பார்க்கவே இல்லை. வேலை போய்விட்டது என்பதைச் சொல்ல ஆள் வேண்டியதில்லை. முனிராஜ் வழக்குக் கட்டைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, நீங்கள் முதலில் சொன்னது பத்து சாட்சிக்குச் சமம், அதோடு நிறுத்தியிருக்கக் கூடாதா அம்மா என்று மட்டும் சொன்னார்.

வராந்தாவில் அஜித்குமார் நின்றுகொண்டிருந்தான். உள்ளே பேசியதெல்லாம் ஜன்னல் வழியாக அவன் காதில் விழுந்திருந்தது. குழந்தை எழுந்து அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது.

"தெரியுமா உனக்கு?" என்று அவன் பெண்டாட்டியைக் கேட்டான்.

காவியா தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். ஆனி மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அங்கே நர்சம்மா சொன்னார்கள், வலி மாத்திரை எதுவும் தொடக் கூடாது என்று. வேலை போனால் ரூமைக் காலி செய்ய வேண்டும் என்று நீதான் பயந்தாய். இன்னும் இரண்டு மாதச் சம்பளம் வந்தால் போதும், அதுவரை மாத்திரையை விழுங்காமல் நாக்குக்கு அடியில் ஒளித்துச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. அவ்வளவுதான் சொன்னாள். அஜித்குமார் குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு படியில் இறங்கிப் போனான், அவள் வருகிறாளா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

தங்கமணி அவள் கையைப் பிடிக்கப் போனாள். காவியா கையை இழுத்துக்கொண்டாள்.

"மாமியாக்குன்னு தனியா ஒண்ணு குடுத்தீங்களே, அதைக் கக்கூஸ்ல போட்டுத் தண்ணி ஊத்துனேன். அது ஒண்ணுதான் என்னால முடிஞ்சது. அவருக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னு ரெண்டு வருசமா வாயத் தொறக்காம இருந்தேன். உங்கள யாரு அக்கா கேட்டா?"

சொல்லிவிட்டு அவள் பையை எடுத்துக்கொண்டு வேகமாகப் படியிறங்கினாள். கீழே பஸ் நிறுத்தத்துப் பக்கம் அஜித்குமார் குழந்தையோடு ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தான். அவள் கூப்பிட்டது அவனுக்குக் கேட்டிருக்கும். அவன் நிற்கவில்லை.